ஒத்திகைக்கு வேண்டாத நோயாளி

பேரிடர்க் காலத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தடையில்லாமல் நடத்துவது எப்படி என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைத் தமிழில் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்பது மட்டும்தான். அந்த ஒரே தகுதியுடன்தான் சென்ற இடவப்பாதியில் திருவனந்தபுரத்துக்குப் போனேன். தென்மேற்குப் பருவமழைக்கு அங்கே அப்படிப் பெயர்.

பொன்முடிச் சரிவுகளில் உள்ள தேயிலைத் தோட்டங்களில், லயங்கள் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில், தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கிறார்கள். மண் சரிந்தால் முதலில் துண்டிக்கப்படுபவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்கான கையேடு மலையாளத்தில் இருந்தது. இதில் ஏதோ குறை இருப்பதாக ஓர் அலுவலகத்துக்குத் தோன்றியதால், கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருந்த என்னைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தார்கள். கையேட்டை மொழிபெயர்க்க வேண்டும். பிறகு ஒரு தோட்டத்தில் நடக்கவிருக்கும் பேரிடர் ஒத்திகையை நேரில் பார்த்து, என் தமிழ் அங்குள்ளவர்களுக்குப் புரிகிறதா என்று சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் எனக்கு நல்ல காப்பி கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் இந்த மழை, மேற்கே மலைமேல் பெய்துவிட்டு எங்களிடம் காற்றாக மட்டும் வந்து சேரும். ரயிலில் மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினால், அதே மழை முழு உடம்போடு நிற்கிறது. நிலையத்து வாசலில் எல்லார் கையிலும் குடை இருந்தது. திருநெல்வேலியில் குடை பிடித்து நடப்பவரைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்போம். இங்கே குடையில்லாமல் நின்ற என்னை அந்தப் பார்வை பார்த்தார்கள்.

கரமனை அக்கிரகாரத்தில் என் பெரியம்மா மகள் மங்களம் அக்கா இருக்கிறாள். ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவள். எந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்டாலும் அவள் உதட்டோரத்தில் ஒரு சுளிப்பு வரும். சாதத்தில் புளிசேரியை விட்டு, பதிமுகப் பட்டை போட்டுக் கொதித்த இளஞ்சிவப்பு வெந்நீரை எதிரில் வைத்துவிட்டு, விசாரணையைத் தொடங்கினாள்.

"எதுக்கு ஒத்திகைன்னாய்?"

"மலையிலே மண் சரிஞ்சா என்ன பண்றதுன்னு, அக்கா."

"மண் சரியறச்சே ஓடறது. அதுக்கு எதுக்குடி தமிழ் புரொஃபசர்?"

"ஓடச் சொல்றதைத் தெளிவாச் சொல்லணுமே."

"சரி, போறாய்னா போ. அங்கெல்லாம் அட்டை கடிக்கும், கேட்டயோ. ஒரு பொட்டலம் உப்பு எடுத்துண்டு போ. உன் கையேட்டிலே உப்பு இருக்கோ?"

இல்லை. உலகத் தரத்துக்கு இணையாகத் தயாரிக்கப்பட்ட அந்தக் கையேட்டில் வெள்ளம், தீ, நிலநடுக்கம், கொள்ளைநோய் எல்லாம் இருந்தன; அட்டை இல்லை. நாங்கள் பேசி முடிப்பதற்குள் அவள் உப்பை மடித்து என் பைக்குள் வைத்துவிட்டாள்.

பிற்பகல் கூட்டம் குளிரூட்டப்பட்ட அறையில் நடந்தது. வெளியே மழை, உள்ளே அதைவிடக் குளிர். புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பழம்பொரி சாப்பிட்டபடி, மக்களைக் கதகதப்பாக வைத்திருப்பது பற்றிய பத்தியைச் சரிபார்த்தேன். பதாகைக்கு ஒரு வாசகம் வேண்டியிருந்தது. 'எந்தப் பேரிடரிலும் தடையற்ற ஆரம்ப சுகாதார சேவை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையின் ஒருங்கிணைப்பாளர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துத் திருப்தியடைந்தார். நல்ல மனிதர், மலையாளி, தமிழ் சரளமாகப் பேசுவார், எதையும் குறித்துக்கொள்ளாமல் கேட்க அவரால் முடியாது.

அதே கூட்டத்தில்தான், ஒத்திகை நாளன்று மலையடிவாரச் சுகாதார நிலையத்தில் புறநோயாளிகள் பிரிவுக்கு விடுமுறை என்று முடிவாயிற்று. ஊழியர்கள் அனைவரும் ஒத்திகைக்கு வேண்டுமல்லவா?

"ஓ.பி.யை மூடிவிட்டு, எந்த நிலையிலும் ஓ.பி.யை மூடாமலிருப்பது எப்படி என்று காட்டப்போகிறோமா?" என்று கேட்டேன்.

"அதாக்கும் டீச்சர் ப்ரோட்டோகால்," என்றார் அவர். கேரளத்தில் நான்கு பேருக்குப் பாடம் சொன்ன எந்தப் பெண்ணும் சாகும்வரை டீச்சர்தான். அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டு நான் மேலே கேட்கவில்லை.

மறுநாள் காலை வித்துரா வழியாக மலையடிவாரம் போகும் அரசுப் பேருந்தில் ஏறினேன். எங்கள் ஊர்ப் பேருந்துகளில் பாட்டு இருக்கும், கண்ணாடி இருக்கும். இங்கே பக்கவாட்டில் சுருட்டிவைத்த ரப்பர்த் திரைகள். மழை வந்ததும் நடத்துநர் ஒரு சொல் சொன்னார். எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. பேருந்து ஓர் இருட்டுப் பெட்டியாயிற்று. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்தில் மரவள்ளிக்கிழங்குப் பையை மடியில் வைத்திருந்த பெண், வண்டி ஒரு குழியில் விழுந்து எழுந்ததும், "நெடுமங்காடு கழிஞ்சு," என்றாள். இன்னொரு வளைவில் பின்னிருக்கைக்காரர் கண்ணைத் திறக்காமலே எழுந்து இறங்கிப் போனார்.

குழிகளைப் படிக்கத் தெரியாத நான், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். நடத்துநர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அம்மா, ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோட்டில் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது, அதுகூடவா உங்களுக்குத் தெரியவில்லை?" நனைந்துகொண்டே திரும்பி நடந்தேன். பள்ளம் உண்மையிலேயே பெரியது.

சுகாதார நிலையம் சின்னதும் சுத்தமுமாக இருந்தது. குழந்தைகளின் உயரம் பார்க்கச் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். டாக்டர் இளம்பெண், ரப்பர் காலணியோடு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் எனக்குக் கஞ்சியும் பயறும் சுட்ட அப்பளமும் கிடைத்தன. அதைப் பரிமாறியவர் லிசி சிஸ்டர். பரிமாறுவது அவர் வேலை அல்ல. அன்று அவருடைய வேலைக்கு வண்டி இல்லாததால் வந்த ஓய்வு அது.

கேரளத்தில் பஞ்சாயத்துதோறும், படுக்கையோடு கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க ஒரு செவிலியர் உண்டு. அவருக்கு ஒரு வண்டி உண்டு. புண் துடைப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலிக்கு மருந்து கொடுப்பது, எதுவும் செய்வதற்கில்லை என்றால் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. எங்கள் பக்கமும் வீடு தேடி வரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஜீப்பின் ஹாரன் சத்தத்தைக் கேட்டு, படுத்த படுக்கையில் இருப்பவர் தலையைச் சீவச் சொல்வதை நான் இங்கேதான் கேள்விப்பட்டேன். லிசி சிஸ்டர் அப்படிப்பட்ட ஜீப்பில் போகிறவர். அன்று அந்த ஜீப்பில் ஒலிபெருக்கியும் மடக்கு நாற்காலிகளும் என் வாசகம் அச்சடித்த பதாகையும் ஏறியிருந்தன.

ஒத்திகைக்கு வேண்டியதைச் சரிபார்க்க ஒருங்கிணைப்பாளர் காரில் வந்து இறங்கியதும் லிசி சிஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சாரே, ஜீப் இல்லாம நான் எங்ஙனெ மேலே போறது? லயத்திலே பொன்னையா அப்பச்சனுக்கு இன்னைக்கு டியூப் மாத்தணும்."

"நாளைக்கு எல்லாரும் மேலேதானே போறோம், சிஸ்டரே? ஒத்திகை கழிஞ்சு அப்படியே பார்த்துட்டு வரலாம். ஒரு நாள்லே என்ன?"

"அந்த ஒரு நாளை டியூப்புகிட்ட யாரு சொல்லும்?"

அவர் சிரித்தார். குறித்துக்கொள்ளவும் செய்தார். ஜீப் மட்டும் கிடைக்கவில்லை.

பொன்னையா தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். மரக்கிளை விழுந்து முதுகெலும்பு போய், பல ஆண்டுகளாக நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். சிறுநீர் வெளியேற ஒரு ரப்பர்க் குழாய். அதைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். தவறினால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று லிசி சிஸ்டர் எனக்கு விளக்கினார்.

மாலையில் வேடங்கள் பங்கிடப்பட்டன. தோட்டத்தின் ஆஷா சுகாதாரப் பணியாளர் செல்வராணி, மேலே ஒரு பாறையின்மீது நின்று தொலைபேசியில் பேசினாள். தோட்டம் முழுவதிலும் அந்தப் பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்குமாம். ஒருங்கிணைப்பாளரின் கைப்பேசி ஸ்பீக்கரில் வந்த குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தாமிரபரணிக் கரைப் பேச்சு, இடையிடையே மலையாளம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

"தலையில அடிபட்டவுகளா நடிக்கத்தான் சார் எல்லாருக்கும் ஆசை. கட்டுப் பெருசாப் போடலாம்லா? கால் முறிஞ்சவனா நடிக்க ஒருத்தனும் சம்மதிக்க மாட்டேங்கான். ஒரே கெடையில கெடக்கணுமாம், போரடிக்குமாம்."

"கர்ப்பிணி?"

"நெசமாவே மாசமா இருக்கவ ஒருத்தி உண்டு சார். அவ வெக்கப்படுதா. நானே வயித்துல தலகாணி கெட்டிக்கிடுதேன். பொறவு, பிரியாணி கண்டிப்பாத் தருவீங்கல்லா? அதச் சொல்லித்தான் ஆளச் சேத்திருக்கேன்."

"பிரியாணி உண்டு."

"இன்னொண்ணு சார். பொன்னையா தாத்தாவும் வேசம் கேக்காரு. கட்டில்ல கெடந்துக்கிட்டே நடிக்கேங்காரு."

ஒருங்கிணைப்பாளர் ஒரு கணமும் தயங்கவில்லை. "அது வேண்டாம். அவர் நிஜமான பேஷண்ட். நிஜ பேஷண்டை உள்ளே கொண்டுவந்தா ஒத்திகை குழம்பிப்போகும்."

"சரி சார். நான் அவருட்டச் சொல்லிக்கிடுதேன்," என்றாள் செல்வராணி.

இரவெல்லாம் பெய்திருக்க வேண்டும். காலையில் வித்துராவில் நான் தங்கியிருந்த விடுதியில் மின்சாரம் இல்லை. எதிர்த்த தேநீர்க் கடையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கல்லாற்றுக்கு மேலே சாலையில் மண் சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லை, வழி மட்டும் இல்லை. என் கைப்பேசியில் வாட்ஸ்ஆப் குழுவின் செய்தி வந்திருந்தது: 'கனமழை மற்றும் மண்சரிவு காரணமாகப் பேரிடர் ஒத்திகை ரத்து செய்யப்படுகிறது.' பழக்கதோஷத்தால் பிழை தேடினேன். இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை.

ஒத்திகை ரத்தானதால் சுகாதார நிலையத்துக்கு விடுமுறையும் ரத்தாகிவிட்டது. நான் போனபோது புறநோயாளிகள் பிரிவு நிரம்பி வழிந்தது. கணினி இருண்டு கிடக்க, சீட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். குளிர்பெட்டி நின்றுபோனதால் தடுப்பூசி மருந்துகளைப் பனிக்கட்டிப் பைகளோடு வேறு பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார் டாக்டர். என் மொழிபெயர்ப்பில் ஓர் அத்தியாயம் முழுக்க நீண்ட காரியம், "அந்த மூடியை இறுக்கிப் பிடியுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்தது. மூடியைப் பிடித்தவள் நான்தான்.

அப்போதுதான் லிசி சிஸ்டரின் கைப்பேசி ஒலித்தது. பாறையிலிருந்து செல்வராணி.

"சிஸ்டரே, தாத்தாக்கு டியூப் அடஞ்சுபோச்சு. விடியக்காலையில இருந்து ஒரு துள்ளி எறங்கல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. மொகமெல்லாம் செவந்து, தலை வெடிக்கிதுன்னு கெடந்து கதறுதாரு. எப்ப வருவீங்க?"

லிசி சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எனக்காகச் சுருக்கமாகச் சொன்னார். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாத உடம்பில் சிறுநீர் தேங்கினால், இரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தலைக்குள் இரத்தக் குழாய் வெடிக்கலாம். மாலைவரை காத்திருக்கும் சமாசாரம் அல்ல. பிறகு வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"நான் வந்தால் இங்கே டாக்டர் இல்லை. நீங்கள் போங்கள் சிஸ்டர்."

"டீச்சரும் வரட்டே," என்றார் லிசி சிஸ்டர், பையைத் தோளில் மாட்டியபடி. "குடை பிடிக்க ஒரு ஆள் வேணும்."

முனைவர் பட்டத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பொறுப்புகளில் இவ்வளவு தெளிவானது வேறில்லை. ஓட்டுநர் சசி நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் வராந்தாவில் இறக்கிப்போட்டார். பதாகையை மறந்துவிட்டார்.

கல்லாற்றில், பொன்முடிக்குப் போக வந்து தடுக்கப்பட்ட சுற்றுலாக்காரர்கள், உப்பிலிட்ட நெல்லிக்காயைத் தின்றபடி ஆற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். "மேலே எப்போது திறப்பார்கள்?" என்று ஒருவர் எங்கள் ஜீப்பை மறித்துக் கேட்டார். மேலே மூடியிருப்பது ஒரு மனிதரின் மூத்திரப்பை என்று சொல்ல வாய் வந்தது. தெரியாது என்று சொன்னேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மண் சரிந்த இடத்தில் நின்றோம். செம்மண்ணும் பாறையும் வேரோடு வந்த மரமும் சாலையை மூடிக்கிடந்தன; நடுவில் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் ஒரு பேருந்து நிழற்குடை தெரிந்தது. இந்தப் பக்கம் மீட்புக் குழுவினர் கயிறும் ஸ்ட்ரெச்சருமாகத் தயாராக நின்றார்கள். தயாராக நிற்பதற்கு மட்டும்தான் அவர்களுக்கு உத்தரவு வந்திருந்தது.

"சாரே, அந்தப் பக்கம் ஒரு பேஷண்ட். நான் மாத்ரம் கடந்து போறேன்," என்றார் லிசி சிஸ்டர்.

குழுத் தலைவர் மரியாதையானவர். அவர் மலையாளத்தில் சொன்னது இது: "சிஸ்டரே, மேலிருந்து இன்னும் மண் விழலாம். உங்களை விட்டுவிட்டு, பிறகு உங்களைத் தோண்டி எடுக்கச் சொல்கிறீர்களா? உத்தரவு வரட்டும்." அதில் தவறென்று எதைச் சொல்வது? தொலைபேசியில் கேட்டார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். சிஸ்டர் ஜீப்பின் முகப்பில் சாய்ந்து நின்று, பையின் வாரை முறுக்கிக்கொண்டேயிருந்தார். "வெடிக்கிதுன்னு சொன்னாளே, வெடிக்கிதுன்னு சொன்னாளே," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். நான் குடை பிடித்தேன்.

எதிர்ப்பக்க வளைவில் முதலில் தெரிந்தது ஒரு தலைக்கட்டு. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே வந்தது. தலையில் கட்டு, கையில் தொட்டில் கட்டு, முகத்திலும் சட்டையிலும் வழிந்தோடும் சிவப்பு. மழையில் அந்தச் சிவப்பு இன்னும் பரவி, முழங்கால்வரை இறங்கியிருந்தது. அவர்கள் நடுவே ஒரு ஸ்ட்ரெச்சர். அதற்கு மேல் குடை பிடித்தபடி ஓர் அம்மாள். முன்னால் பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஒரு கர்ப்பிணி.

நடந்தது இதுதான். ஒத்திகையின் ரத்து வாட்ஸ்ஆப்பில் வந்தது; பேச மட்டுமே சிக்னல் கிடைக்கும் பாறைக்கு வரவில்லை. சொன்ன நேரத்துக்கு எல்லாரும் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு மைதானத்தில் கூடிவிட்டார்கள். கீழே மண் சரிந்ததாகக் கேள்விப்பட்டபோதும் யாரும் அசரவில்லை. ஒத்திகையில் அதுதானே காட்சி! முதல்நாளே கொண்டுபோய் வைத்த ஸ்ட்ரெச்சரும் அங்கேயே இருந்தது. மண்சரிவால் சிஸ்டர் மேலே வரத் தாமதமாகும் என்று தெரிந்ததும், செல்வராணி அவர்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்: "அடிபட்டவுகள்லாம் எந்திரிங்க! நெசமாத் தூக்க ஒரு ஆளு உண்டு!"

குழுத் தலைவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கண்ட காட்சிக்கு உத்தரவு தேவைப்படவில்லை. "ஓடுங்கடா!" என்றார். கயிற்றைக் கட்டி, கண் மூடித் திறப்பதற்குள் குழு மண்ணைக் கடந்துவிட்டது. யாரிடம் இரத்தம் அதிகமோ அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள், அதுவே முறை. தலையில் பெரிய கட்டோடு வந்த வாட்டசாட்டமான ஒருவரை நால்வர் சேர்ந்து படுக்கவைத்தார்கள்.

"சாரே, விடுங்க! எனக்கு ஒண்ணுமில்ல, இது குங்குமம்!"

"பேசாதீங்க. ஒண்ணும் பயப்படேண்டாம். எல்லாம் சரியாகும்."

"அய்யோ, நான் அடிபட்டவன் இல்ல, தூக்கிட்டு வந்தவன்!"

"தலையில் அடிபட்டால் இப்படித்தான் பேசுவார்கள்," என்று ஒரு வீரர் இன்னொருவரிடம் சொன்னார். மறுத்தவர்களை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். செல்வராணி தலையணையை உருவிக் காட்டி விளக்க முயன்றாள். அதைப் பார்த்த இளம் வீரர் ஒருவர் அதிர்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த அமளியில், ஒரு பொட்டு இரத்தமும் இல்லாத பொன்னையாவை நிழற்குடையின் ஓரத்தில் இறக்கிவைத்துவிட்டு எல்லாரும் மற்றவர்களைக் காப்பாற்றப் போய்விட்டார்கள்.

லிசி சிஸ்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இறங்கினார். பாதி வழியில் திரும்பி, "மறைக்க ஒரு துணி!" என்று கத்தினார். சசி ஜீப்புக்குள் துழாவி எடுத்து வந்தது பதாகை. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பற்றி, இன்னொரு கையால் என்னைப் பிடித்து நடத்தினார் சசி. முழங்கால்வரை புதைந்து அந்தப் பக்கம் ஏறியபோது என் செருப்புகளில் ஒன்று மண்ணோடு தங்கிவிட்டது.

பொன்னையாவின் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தலைமாட்டில் அவர் மனைவி முத்துக்கிளி. பிடித்த குடையை மடக்க மறந்து கூரைக்குக் கீழேயும் பிடித்துக்கொண்டிருந்தார். "இந்தா வந்துட்டாவல்லா, இந்தா வந்துட்டாவல்லா," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சசி ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துப் பதாகையைத் திரையாக விரித்தோம். சாலையை நோக்கி, 'எந்தப் பேரிடரிலும் தடையற்ற ஆரம்ப சுகாதார சேவை' என்று அது அறிவித்தது. மழை தெறிக்காத நல்ல கனமான ஃப்ளெக்ஸ். என் எழுத்துகளில் ஒன்று இவ்வளவு பயன்பட்டதாக நினைவில்லை.

சிஸ்டர் அவரை முதலில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். கையைத் துடைத்து, உறையை மாட்டி, பழைய குழாயை எடுத்தார். புதியது ஒருமுறை தடைப்பட்டது. "அப்பச்சா, மூச்சு விடுங்க. இன்னும். இன்னும்." அதன்பிறகு ஒரு சத்தம் கேட்டது. இத்தனை மழைச் சத்தத்துக்கு நடுவே, பைக்குள் நீர் இறங்கும் தனிச் சத்தம். முத்துக்கிளி குடையை மடக்கினார்.

பொன்னையாவின் முகத்தில் சிவப்பு மெல்ல வடிந்தது. கண்ணைத் திறந்து, திரையின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த என்னை.

"இது என்ன படுதா?" என்றார். "அப்பம் எனக்கும் வேசம் உண்டா?"

"உமக்கு வேசம் ஒண்ணுதான் கொறச்சல்," என்றார் முத்துக்கிளி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பையை முடிச்சிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான், லிசி சிஸ்டரின் கணுக்காலில் அட்டைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தோம். நான் மங்களம் அக்காவின் பொட்டலத்தைப் பிரித்தேன். அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அன்று மாலை சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒவ்வொரு படுகாயத்தையும் பஞ்சால் துடைத்து, குணப்படுத்தினார். ஒரே ஒருவருக்கு மட்டும் மருந்து தேவைப்பட்டது. அந்த வாட்டசாட்டமான மனிதர். காப்பாற்றப்பட்டபோது முழங்கையில் சிராய்த்துக்கொண்டிருந்தார். பிரியாணி எங்கே என்பதுதான் அவர் சொன்ன அறிகுறி. குழுத் தலைவர் வெட்கத்தோடு தம் ஆட்களுக்கு வந்த உணவுப் பொட்டலங்களில் சிலவற்றைக் கொடுத்தனுப்பினார். பொன்னையா கண்காணிப்பில் படுத்திருந்தார்; அவருக்கும் ஒன்று போனது.

ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் விளக்கம் கேட்டார். ரத்து செய்யப்பட்ட ஒத்திகையைச் செல்வராணி யார் அனுமதியோடு நடத்தினாள்?

"நடத்தலை சார்," என்றாள் அவள். "நடந்துச்சு."

மறுநாள் கரமனையில் ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன். மங்களம் அக்கா காலைப் பார்த்தாள், காரணம் கேட்கவில்லை. "உப்பு?" என்றாள். தீர்ந்துவிட்டது என்றேன். அரசுப் பணியில் ஒரு முன்மொழிவு ஏற்கப்படும்போது அவள் முகத்தில் வந்திருக்கக்கூடிய திருப்தி அப்போது வந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு, நல்ல வெயிலில், ஒத்திகை மறுபடி நடந்ததாம். லிசி சிஸ்டர் தொலைபேசியில் சொன்னார். ஜீப்பைக் கொடுக்க இந்த முறை டாக்டர் மறுத்துவிட்டார். புறநோயாளிகள் பிரிவையும் மூடவில்லை. பொன்னையா அப்பச்சனுக்கும் ஒரு வேடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று செல்வராணி நின்றாள். ஒருங்கிணைப்பாளர் யோசித்து, அசையாமல் கிடக்கக்கூடியவர் என்பதால், இறந்தவர் வேடத்தை ஒதுக்கினார்.

"சந்தோஷப்பட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்கே டீச்சரே! வேண்டாம்னுட்டார்." பொன்னையாவின் குரலை அப்படியே பிடித்துச் சொன்னார் சிஸ்டர்: "செத்தவனுக்கு டியூப் மாத்த யாரு வருவா?"